படத்தின் மூலையில் என் கால் சைன்

ஏறி வாரும். படி உயரம், பார்த்து. நான் பின்னால் வருகிறேன். எனக்கு அவசரம் கிடையாது. உமக்குத்தான் இருட்டுவதற்குள் கோவில்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அந்த நாற்காலியைத் தட்டிவிட்டு உட்காரும். தூசி இருக்கும். இரண்டு மாதமாக நான் மாடிக்கே வரவில்லை. இன்றைக்கு ஞாயிறு, இருந்தும் உமக்காக ஏறினேன். விற்கிற சாமானை வெளிச்சத்தில் காட்டித்தான் விற்க வேண்டும். அப்புறம் கீறல் இருக்கிறது, கண்ணாடி மங்கல் என்று போன் போடக் கூடாது.

வரும் வழியில் உப்பளத்துப் பாதையில் மஞ்சள் தொப்பி போட்ட ஆள் யாரையாவது பார்த்தீரா? ஒல்லியாக, தோளில் பையோடு? பார்க்கவில்லையா. சரி. நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளும்.

இதுதான் காகிள்ஸ், டிரோன் பார்க்கிறதைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்க்கிற பெட்டி. கண்ணாடி என்றே சொல்லுவோம், எனக்கு அதுதான் வாயில் வருகிறது. தொடாதீர் இன்னும். முதலில் சொல்லும், லைசென்ஸ் இருக்கிறதா?

இல்லை. தெரியும். விளம்பரம் பார்த்து வருகிற ஒருவரிடமும் இருப்பதில்லை. போன வாரம் ஒருத்தர் வந்தார், எந்த லைசென்ஸ் சார், டூ வீலரா என்று கேட்டார். அனுப்பிவிட்டேன்.

கேளும். இந்தக் கண்ணாடி பார்ப்பதற்கு. பார்க்கிறவனை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். டிரோனில் ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது பாரும், நகத்தளவு, அதுதான் கேமரா பார்க்கிறதைக் காற்றில் அனுப்புகிறது. அனுப்புகிறவனைத்தான் சட்டம் கேட்கும். சின்னப் பவர் என்றால் பெட்டிக்கு அனுமதி இருந்தால் போதும், வீட்டு வை-ஃபை மாதிரி. பவர் கூடினால் ஆளுக்கே அனுமதி வேண்டும். பரீட்சை எழுதி, ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகக் காற்றில் பேசுகிறவர்களுக்கான லைசென்ஸ் வாங்கி, ஆளுக்கு ஆள் தனியான கால் சைன் என்கிற அடையாள எழுத்து வாங்கி, அந்தக் கால் சைனைப் படத்தின் மூலையில் போட்டுத்தான் பறக்கவிட வேண்டும். யார் அனுப்புகிறான் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். முகம் தெரியாத காற்றில் அது ஒன்றுதான் மரியாதை.

என் கால் சைன் வி.யு.டூ என்று தொடங்கும். மீதியை உம்மிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? வி.யு.டூ என்றால் பழைய ஆள். இப்போது பரீட்சை எழுதி வருகிற புதுசுகளுக்கு வி.யு.த்ரீ. அந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

நான் கப்பலில் ரேடியோ ஆபீசர். பெயர் கஸ்பார் மச்சாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கேட்டுப் பாரும், செத்துப்போனவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிட் டா டிட் டா என்று பாதி உலகம் போனவன். அப்புறம் சாட்டிலைட் வந்தது, ரேடியோ ஆபீசர் எதற்கு என்று இறக்கிவிட்டார்கள். அதை விடும். அது கம்பெனி. கம்பெனியிடம் யாரும் விசுவாசம் எதிர்பார்ப்பதில்லை.

ஆள் செய்தால்தான் வலிக்கிறது.

டிஜிட்டல் நல்லதா, அனலாக் நல்லதா என்று போனில் கேட்டீர் அல்லவா? அதற்குத்தான் வருகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கேள்விதான்.

பால்வண்ணம் என்று ஒருத்தன். அடுத்த தெரு. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த வேப்பலோடைக்கு நான் வீடு கட்டி வந்த புதிதில், மாடியில் ஏரியல் நிற்கிறதைப் பார்த்து, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டான்.

"அண்ணே, இது எதுக்கு அண்ணே? கேபிளா?"

"ஹாம் ரேடியோ."

"அப்படீன்னா?"

"அப்படீன்னா கேபிள் இல்லை."

அப்படித்தான் ஆரம்பம். அன்றிலிருந்து தினமும் வந்தான். நான் பேசுவேன், அவன் கேட்பான். அவன் பேசினால் நிறுத்தச் சொல்லுவேன். நல்ல சிநேகிதம்.

பிறகு என் மகள் சென்னையிலிருந்து டிரோன் வாங்கி அனுப்பினாள். அப்பா சும்மா உட்கார்ந்து ஊரைத் திட்டிக்கொண்டு இருக்கக் கூடாதாம். முதல் நாள் நான்தான் ஓட்டினேன். காற்று. போய் உப்புக் குவியலில் சொருகிக்கொண்டது. இரண்டாம் நாள் ஓட்டினேன், அன்றைக்கும் காற்று. மூன்றாம் நாள் பால்வண்ணம் கையில் கொடுத்தேன். அன்றைக்குக் காற்று இல்லை.

என் கையைப் பார்க்காதீர். கொஞ்சம் ஆடும். அது ஒன்றுமில்லை. டாக்டர் ஏதோ பெயர் சொன்னார். வலது கை மட்டும்தான். டிரோன் ரிமோட்டின் ஸ்டிக்கைப் பிடித்தால் கொஞ்சம் கூடும். டீ டம்ளருக்கு ஒன்றும் செய்யாது, பாதி ஊற்றிக் கொடுத்தால் போதும்.

அவன் கை அப்படி இல்லை. பிரஷ் பிடித்த கை. ஸ்டிக்கை இரண்டு விரலால் தொட்டால் போதும், டிரோன் வரப்பு மேலே நூல் பிடித்த மாதிரிப் போகும். ஆகவே ஒரு ஏற்பாடு. என் லைசென்ஸ், அவன் கை. ஞாயிறு சாயங்காலம், உப்பு வாருகிறவர்கள் கரையேறின பிறகு, இந்த மாடியிலிருந்து. டிரோன் பறக்க அனுமதி உள்ள பச்சை இடமா என்று மேப்பில் பார்த்துவிட்டுத்தான். நாற்காலி இரண்டு, கண்ணாடி இரண்டு. அவன் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓட்டுவான், நான் ஒன்றைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். முடிந்ததும் டிரோனையும் தன் கண்ணாடியையும் அவன் வீட்டுக்கு எடுத்துப் போவான். மூலையில் என் கால் சைன்.

அனலாக்கில் அதுதான் வசதி. அதே சேனலை வைத்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவன் பார்க்கிறதை நான் பார்ப்பேன். "இடது போம்வே. ஏறும். அந்தக் கொக்கை எதுக்கு வெரட்டுதீர்? திரும்பும். போதும், திரும்பும்." சொல்லச் சொல்லச் செய்வான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும். மூளை ஒருத்தன், கை ஒருத்தன்.

ஒரு நாள் கேட்டான். "அண்ணே, ஓரத்துலே உங்க கால் சைன் இருக்குல்லா, அதுக்குக் கீழே எம் பேரைச் சின்னதா போடலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். ஓட்டுறது நாந்தானே."

"பஸ்ஸுலே டிரைவர் பேரா எழுதியிருக்கு? ரூட்டுதான்வே எழுதியிருக்கும்."

சிரித்தான். அவனுக்கே புரிந்துவிட்டது. அப்புறம் கேட்கவில்லை.

இன்னொரு நாள், "நானும் அந்தப் பரீட்சையை எழுதட்டா அண்ணே" என்றான். அலைநீளம் என்றால் என்ன, சொல்லும் என்றேன். "கடல் அலையா அண்ணே?" என்றான். நான் சிரித்த சிரிப்பில் கீழே பால்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவனும் சேர்ந்து சிரித்தான் ஐயா, பால்வண்ணம். நன்றாகவே சிரித்தான். என்னிடம் ஒன்று இருக்கும்போது உமக்கு எதற்குவே தனியாக என்றேன். அதுவும் சரிதான் என்றான். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது உம் கேள்விக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு டிஜிட்டல் ஆசை பிடித்தது. யாரோ போனில் வீடியோ காட்டிவிட்டார்கள். வந்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"அண்ணே, டிஜிட்டல்லே கண்ணாடி மாதிரி தெரியுதாம்."

"நாம போட்டிருக்கிறது என்ன, சட்டியா?"

"அதுக்கில்லே. மேற்காலே கடைசிப் பாத்தியிலே தண்ணி ரோஸ் கலர்லே கெடக்கு அண்ணே. வெயில் தாழும்போது ஓரத்துலே ஆரஞ்சு கட்டுது. நடந்து போய்ப் பார்த்தேன். மேலேயிருந்து பார்த்தா எப்படி இருக்கும்! நம்ம பெட்டியிலே எல்லாம் சாம்பலாத்தானே தெரியுது."

"பாத்தி தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"வரப்பு தெரியுதா?"

"தெரியுது அண்ணே."

"பின்னே கலரை வெச்சு என்ன, நக்கவா போறீர்?"

நீரும் கேட்டுக்கொள்ளும், காசு போடப் போகிறீர். அனலாக் படம் அழகாக இருக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பொய் சொல்லாது. டிரோன் தூரம் போகப் போகப் புள்ளி புள்ளியாகக் கொட்டும், பழைய டி.வி. மாதிரி. கோடு ஓடும். நான் போகிறேன், போகிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் போகும். திரும்பிவிட நமக்கு நேரம் இருக்கும். டிஜிட்டல் அப்படி இல்லை. கடைசிவரை சிரித்த முகம். எல்லாம் பளிச்சென்று இருக்கும். திடீரென்று படம் அப்படியே நின்றுவிடும். நின்ற படத்தைப் பார்த்து நாம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம். ஆள் எப்போதோ தண்ணீருக்குள் போயிருப்பான்.

இன்னொன்று. டிஜிட்டலில் அவன் படம் அவனுக்கு மட்டும். ஜோடி சேர்த்த கண்ணாடியில்தான் வரும். பக்கத்தில் இருக்கிறவன் எட்டிப் பார்க்க முடியாது. அந்தக் கண்ணாடிக்காரன் மனது வைத்தால்தான். எதற்கு ஐயா இந்த ரகசியம்? ஒளித்துப் பார்க்க உப்பளத்தில் என்ன இருக்கிறது?

முடியாது என்று சொல்லிவிட்டேன். சரி அண்ணே என்றான்.

மழை விட்டது. பாத்தி கட்ட ஆரம்பித்தார்கள். அப்போதிலிருந்து செவ்வாய், வியாழன் அவன் வருவதில்லை. கேட்டால் முட்டி வலி, திருநெல்வேலியில் ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார் என்றான். நான் நம்பினேன். நம்பினது மட்டுமா, முட்டிக்கு நல்லது என்று என் கப்பல் பெல்ட்டைக் கொடுத்தேன். ஒட்டகத் தோல். அதைக் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறான். எங்கே? வகுப்புக்கு. நெல்லையில் ஹாம் ரேடியோ வகுப்பு நடக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து, தன் மகன் வயதுக்காரர்களோடு, அலைநீளம் படித்திருக்கிறான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேளும். யாரும் வந்து சொல்லவில்லை. அவனே சொன்னான். காற்றில் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். கை ரேடியோ பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது, எப்போதும் ஓடும். திடீரென்று ஒரு குரல். "சி.க்யூ, சி.க்யூ, சி.க்யூ."

சி.க்யூ என்றால் தெரியுமா? யாராவது இருக்கிறீர்களா, கேட்கிறவர்கள் பேசுங்கள் என்று பொதுவாகக் கூப்பிடுவது. அது காதில் விழுந்தால் பதில் சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்தச் சாதி, தெரிந்தவனா தெரியாதவனா, ஒன்றும் பார்க்கக் கூடாது. உன் குரல் எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுச் சொல்ல வேண்டும். அது ரேடியோக்காரனுடைய தர்மம். கடலில் எனக்குக் காய்ச்சல் அடித்த நாளில்கூட ஒரு சி.க்யூவை நான் விட்டதில்லை. காதில் விழுந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறவன் ரேடியோக்காரனே இல்லை.

குரல் மறுபடி வந்தது. வி.யு.த்ரீ என்று ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக, போர்டில் எழுதிக் காட்டுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னது. பால்வண்ணம் குரல்.

காப்பியை வைத்தேன். அவன் மூன்று தடவை கூப்பிட்டான். அப்புறம் கொஞ்சம் பொறுத்தான். மறுபடி கூப்பிட்டான். நடுவில் நாகர்கோவில்காரர் ஒருத்தர் வந்து பதில் சொன்னார். இவன் என்ன செய்தான் தெரியுமா? "சார், மன்னிக்கணும், ஒரு நிமிஷம் பொறுங்க, வேற ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்" என்றான். முதல் கூப்பாட்டிலேயே ஒழுங்கு தெரியவில்லை பாரும். வந்தவரிடம் காத்திரு என்கிறான்!

நான் அணைத்துவிட்டேன்.

அது வேறு. அதை இதோடு சேர்க்காதீர். அது கூப்பாடு இல்லை, அது குத்து. முதுகில் போட்ட குத்துக்கு மார்க் போடச் சொல்லுகிறீரா?

அன்று சாயங்காலமே வந்தான். மஞ்சள் தொப்பி, புதிது. ஒரு கையில் மக்ரூன் டப்பா. இன்னொரு கையில் பெரிய பை. முகம் எல்லாம் பல்.

"அண்ணே, காலையிலே ரேடியோ போடலையா? உங்களுக்குத்தான் அண்ணே முதல் கூப்பாடு போட்டேன். ஒரு உயிருக்கும் சொல்லலை. வீட்டுலேகூட முட்டி வலின்னுதான் சொல்லி வெச்சேன். நீங்கதான் முதல்லே பதில் சொல்லணும்னு..."

"முட்டி எப்படி இருக்குவே?"

நின்றுவிட்டான்.

"எண்ணெய் போட்டு நீவினாரே வைத்தியர், அலைநீளம் சொல்லித்தந்தாராக்கும்?"

"அண்ணே, அது ஒரு இதுக்காக..."

"எங்கிட்டே இருக்கும்போது உமக்கு எதுக்குன்னு கேட்டேனே. சரின்னு சொன்னீரே."

"சொன்னேன். ஆனா அண்ணே, நீங்க ஊருக்குப் போனா நான் தொட முடியலை. உங்களுக்குக் காய்ச்சல்னா தொட முடியலை. ஒரு ஞாயித்துக்கெழமை நீங்க மகளைப் பார்க்கப் போயிட்டீங்க, நான் டிரோனை மடியிலே வெச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வயசாவுதுல்லா."

மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். உட்காரட்டுமே. நானும் கப்பலில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

பையைத் திறந்தான். உள்ளே பெட்டி பெட்டியாக, எல்லாம் டிஜிட்டல். கண்ணாடி இரண்டு.

"ஒண்ணு உங்களுக்கு அண்ணே. ரெண்டையும் ஜோடி சேர்த்துட்டா நான் பார்க்கிறதை அப்படியே நீங்களும் பார்க்கலாம். அந்த ரோஸ் தண்ணி..."

"லஞ்சமாவே?"

வெளியே போம் என்றேன். போனான். மக்ரூன் டப்பாவை வாசற்படியிலேயே வைத்துவிட்டான். நான் எடுக்கவில்லை. இரண்டு நாள் எறும்பு தின்றது. மூன்றாம் நாள் உள்ளே எடுத்து வைத்தேன், எறும்பு வீட்டுக்குள் வரக் கூடாது என்று. நமுத்துப்போயிருந்தது. தின்று பார்த்துத்தான் சொல்லுகிறேன்.

இரும், முடியவில்லை. பஸ் இருக்கிறது, நிறைய இருக்கிறது.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. சென்னைக்குப் போன் போட்டேன். லைசென்ஸ் விஷயங்களைக் கவனிக்கிற ஆபீஸ். ஒரு அம்மா எடுத்தாள். இந்த ஊரில் ஒருத்தன் டிரோனில் வீடியோ டிரான்ஸ்மிட்டர் வைத்து ஓட்டுகிறான், புகார் எழுதிக்கொள்ளும்மா என்றேன்.

"அவருக்கு லைசென்ஸ் இருக்கா சார்?"

"இருக்கு."

"கால் சைன் போடுறாரா?"

"போடுறான்."

"பவர் கூடுதலா வெச்சிருக்காரா?"

"அதெல்லாம் இல்லை. சரியாத்தான் வெச்சிருப்பான், பயந்த சுபாவம்."

"அப்ப புகார் என்ன சார்?"

"எங்கிட்டே சொல்லலை."

"அதுக்கு எங்க விதியிலே ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாள். எல்லாவற்றுக்கும் விதி போட்டிருக்கிறார்கள். எத்தனை வாட், எந்த அலைவரிசை, மூலையில் எத்தனை எழுத்து. சிநேகிதனிடம் சொல்லாமல் பரீட்சை எழுதக் கூடாது என்று ஒரு விதி போட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதோடு விட்டாளா? "இதுக்கு முன்னாடி அவர் யார் கால் சைன்லே ஓட்டிக்கிட்டு இருந்தார் சார்? பக்கத்துலே லைசென்ஸ்காரர் இருந்தாரா? எப்பவுமே இருந்தாரா?" என்று ஆரம்பித்தாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பக்கத்தில்தான் இருந்தேன். எப்போதும் பக்கத்தில்தான் இருந்தேன். அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவ்வளவுதான் கதை. அன்றோடு ரேடியோ போடவில்லை, மாடிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் ஜன்னலை அடைத்து டி.வி.யைச் சத்தமாக வைத்துவிடுவேன். எனக்கு அவன் வேண்டாம். கண்ணாடியும் வேண்டாம். நல்ல கையில் போய்ச் சேரட்டும் என்று விளம்பரம் போட்டேன். அவன் இப்போது டிஜிட்டலில் ரோஸ் தண்ணீரைத் தனியாகப் பார்த்துக்கொண்டு திரிவான். பார்க்கட்டும். மூலையில் தன் கால் சைனைப் போட்டுக்கொண்டு பார்க்கட்டும்.

உம் கை எப்படி? நீட்டும். ம். ஆடவில்லை. சரி.

பரிசோதித்துப் பார்க்க வேண்டுமா? பாரும். பாட்டரி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். தினம் சார்ஜ் ஏற்றிவிடுவேன், இல்லாவிட்டால் பாட்டரி கெட்டுப்போகும். விற்கிற சாமான் அல்லவா. இந்தப் பட்டையைப் பின்தலையில் இழுத்துக் கட்டும். பொத்தான் வலது பக்கம். சேனலை மாற்றாதீர், அது எங்கள் சேனல், அப்படியே இருக்கட்டும். ஒன்றும் தெரியாது, முன்பே சொல்லிவிடுகிறேன். புள்ளிதான் கொட்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்போது அனலாக் ஓட்ட ஒருத்தரும் இல்லை. புள்ளி ஒழுங்காகக் கொட்டினால் கண்ணாடி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

என்ன?

படமா?

என்ன படம்? சரியாகப் பாரும். வெளிச்சம் பட்டு ஏதாவது தெரியும்.

வெள்ளையாகக் குவியல். உப்பு. சரி. வரப்பா? நேராகப் போகிறதா, ஆடி ஆடிப் போகிறதா? நூல் பிடித்த மாதிரியா.

மூலையைப் பாரும். கீழே, இடது மூலை. எழுத்து இருக்கிறதா? வி.யு. ஆமாம், வி.யு. அடுத்தது என்ன? டூவா, த்ரீயா?

த்ரீ.

என் சேனலில் ஏறியிருக்கிறான் பாரும் திமிரை! டிஜிட்டல் வாங்கினவனுக்குப் பழைய பெட்டி எதற்கு? அதைத் தூக்கிப் போட வேண்டியதுதானே. இதற்கு நான் புகார் எழுதுவேன். இதற்கு நிச்சயம் விதி இருக்கும்.

கால் சைனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எழுத்தா? படியும்.

சி. க்யூ.

இல்லை, ஒன்றுமில்லை. இருமல். காற்றில் உப்பு.

இப்போது என்ன தெரிகிறது? சொல்லிக்கொண்டே இரும், நான் கேட்கக் கேட்கச் சொல்லக் கூடாது. தென்னை மரம். ஒரு வீடு. பச்சைச் சுவரா? மாடியில் ஏரியலா? ஓஹோ. இங்கேதான் வருகிறான். எத்தனை ஞாயிறு இப்படி வந்தானோ, பூட்டின மாடியைப் பார்த்துவிட்டுப் போனானோ, யார் கண்டது. சத்தம் கேட்கிறதா உமக்கு? வலது பக்கம், கொசு மாதிரி? எனக்கு ஹெட்போன் போட்டுப் போட்டுக் காது போய்விட்டது. கேட்கிறதா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாடியில் இரண்டு பேர். சரி. ஒருத்தன் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அது நீர். இன்னொருத்தன்?

கை காட்டுகிறானா? யார்? நானா?

நான் எங்கே காட்டினேன்? தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன். அது கை காட்டுவது இல்லை ஐயா, அது தானாக ஆடுவது! எழுந்து நின்றால் கொஞ்சம் கூடும். அவனுக்கும் தெரியுமே அது. டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுக்கிறவன் அவன்தானே.

என்ன, படம் சாய்கிறதா? இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கமா?

டிரோனை ஆட்டிப் பதில் சொல்லுகிறான் முட்டாள். நான் கூப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்லுகிறான்.

கழற்றும். கண்ணாடியைக் கழற்றும். விற்பனைக்கு இல்லை. புகாருக்குச் சாட்சி வேண்டும், நானே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நீர் டிஜிட்டலே வாங்கிக்கொள்ளும், உம் வயதுக்கு அதுதான் சரி. உப்பளத்து முனையில் மஞ்சள் தொப்பிக்காரன் நிற்பான், விவரம் எல்லாம் அவனிடம் கேளும், தெளிவாகச் சொல்லுவான், வாத்தியார். ஆனால் அவனிடம் இன்னொரு கண்ணாடி பெட்டி பிரிக்காமல் கிடக்கும். அதைக் கேட்டுவிடாதீர். அது வேறு ஆளுக்கு வாங்கினது.

பட்டையைக் கட்டிவிடும். இந்தக் கைக்கு முடிச்சு நிற்காது. இன்னும் இறுக்கி. ம்.

படம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஐந்துக்கு மூன்றுதான் போடுவேன். தெளிவாக இருந்தது என்கிறீரா? எனக்குத் தெளிவாக இல்லை, கண்ணில் தண்ணீர். உப்புக் காற்று என்று சொன்னேன் அல்லவா.

நீர் எதற்கு முன்னால் நிற்கிறீர்? கொஞ்சம் தள்ளி நில்லும். என்னை மறைக்கிறீர்.